பல்லில் கவ்விய டியூப்

சைக்கிள் பந்தய ரசிகர்கள் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. எடுத்த வருடம் 1956. வழுக்கைத் தலையுடன் ஒருவர் மேடேறிக்கொண்டிருக்கிறார். முகமெல்லாம் கோணியிருக்கிறது. வாயில் ஒரு ரப்பர் பட்டையைக் கவ்வியிருக்கிறார். பட்டையின் மறுமுனை ஹேண்டில்பாரில் கட்டியிருக்கிறது. குதிரை தன் கடிவாளத்தைத் தானே பற்களில் பிடித்துக்கொண்டு ஓடினால் எப்படியிருக்குமோ, அப்படி ஒரு காட்சி.

அவர் ஃபியோரென்ஸோ மாஞ்ஞி. இத்தாலியின் பெரிய பந்தயமான ஜிரோவை மூன்று முறை வென்றவர். அப்போது வயது 35. அந்த வருடத்தோடு ஓய்வு பெறப்போவதாக முன்பே சொல்லிவிட்டார். அந்தக் கடைசி ஜிரோவில், வோல்தெர்ரா ஊர்ப்பக்கம் ஓர் இறக்கத்தில் விழுந்து இடது காறை எலும்பை முறித்துக்கொண்டார். போதும், வீட்டுக்குப் போ என்றார்கள் மருத்துவர்கள். அவர் தோளைச் சுற்றித் துணிப்பட்டையை இறுக்கிக்கொண்டு மறுபடி சைக்கிளில் ஏறினார். சமதளத்தில் எப்படியோ ஓட்டிவிட்டார். பொலோஞ்ஞாவில் சான் லூகா குன்றின்மேல் தனித்தனியாக ஏற வேண்டிய நேரப் பந்தயம் வந்தது. இடது கையால் ஹேண்டில்பாரை இழுக்கவே முடியவில்லை. மெக்கானிக் ஃபாலியெரோ மாஸி ஒரு பழைய டியூபை வெட்டி ஹேண்டில்பாரில் கட்டி, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொள்ளச் சொன்னார்.

இந்தக் கதையை வீரத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு வீரத்தைவிட மாஸியின் யோசனைமேல்தான் மதிப்பு. உடற்கூறு படித்திராத ஒரு மெக்கானிக், காறை எலும்பு என்ன வேலை செய்கிறது என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

மேட்டில் ஓங்கி மிதிக்கும்போது என்ன நடக்கிறது? வலது கால் பெடலைக் கீழே தள்ளினால், பெடல் உடம்பை மேலே தள்ளுகிறது. தடுக்க ஒன்றும் இல்லையென்றால் இடுப்பு சீட்டைவிட்டு எழும்பிவிடும். மிதித்த பலத்தில் ஒரு பகுதி வீணாகும். அதனால்தான் நாம் அறியாமலே ஹேண்டில்பாரைப் பற்றி இழுத்து உடம்பைக் கீழே பிடித்து வைக்கிறோம். அந்த இழுவிசை விரல்களிலிருந்து முழங்கை, மேற்கை வழியாகத் தோளுக்கு வருகிறது. அங்கிருந்து உடம்புக்குள் போக எலும்பாலான வழி எது?

தோள்பட்டை எலும்புதானே என்று தோன்றும். முதுகுப்பக்கம் முக்கோணமாக இருக்கும் அந்தப் பெரிய எலும்பு எந்த விலா எலும்போடும் மூட்டுப்போட்டு இணைந்திருக்கவில்லை. தசை மெத்தையின்மேல் சும்மா வழுக்கிக்கொண்டிருக்கிறது. கையை உடம்புடன் கட்டிவைக்கத் தசைகள் நிறைய உண்டு. எலும்புப் பாலம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். தோள் நுனியிலிருந்து நெஞ்சின் நடு எலும்பு வரை போகும், விரல் பருமனே உள்ள காறை எலும்பு. மாஞ்ஞிக்கு இடப்பக்கப் பாலம் இடிந்துவிட்டது. மாஸி தாடையிலிருந்து கழுத்து வழியாக உடம்புக்கு ஒரு பைபாஸ் போட்டுக் கொடுத்தார்.

காறை என்பது பழைய கழுத்தணி. கழுத்தின் அடியைச் சுற்றி வளையமாகக் கிடக்கும். அது படியும் இடத்தில் இருப்பதால் இந்த எலும்புக்கும் அதே பெயர். லத்தீன்காரர்கள் இதைச் சின்னச் சாவி என்றார்கள். ஆள்காட்டி விரலை வலது காறை எலும்பின்மேல் வைத்துக்கொண்டு வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப்பாருங்கள். பூட்டில் சாவி திரும்புவதுபோல எலும்பு தன் அச்சில் சுழல்வது விரலுக்குத் தெரியும். இந்தச் சுழற்சி இல்லாவிட்டால் கை முழுதாக மேலே போகாது. எலும்பு முறிந்தவர்களிடம் சில வாரங்களுக்குக் கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்காதே என்று சொல்வதற்கும் இதுவே காரணம். தூக்கினால் ஒரு துண்டு சுழலும், இன்னொன்று சுழலாது.

கருவில் முதன்முதலாக எலும்பாக மாறத் தொடங்குவது இதுதான். ஐந்தாறு வாரக் கருவிலேயே வேலை ஆரம்பமாகிவிடும். வளர்ச்சியைக் கடைசியாக முடிப்பதும் இதுவே. நெஞ்சுப் பக்க நுனி முழுதாக ஒட்டி முடிய இருபது வயதைத் தாண்டிவிடும். ஒருவர் வயது வந்தவரா இல்லையா என்று எலும்பை வைத்துச் சொல்ல வேண்டிய வழக்குகளில் தடயவியல் மருத்துவர்கள் இந்த நுனியைத்தான் பார்க்கிறார்கள்.

குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. அதன் முன்னங்கால்கள் தசைகளால் மட்டும் உடம்போடு தொங்குகின்றன. முன்னும் பின்னும் வீசி ஓடுவதற்கு அது போதும். பூனைக்குப் பெயருக்கு ஒரு சின்னத் துணுக்கு மட்டும் இருக்கிறது. தலை நுழையும் சந்தில் உடம்பும் நுழைந்துவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கோழியில் இரண்டு காறை எலும்புகளும் ஒட்டிப்போய், குழம்பில் கிடைக்கும் அந்தக் கவட்டை எலும்பாகிவிட்டன. கிளையைப் பற்றித் தொங்க வேண்டிய குரங்கினத்துக்குத்தான் இது உறுதியாக வேண்டியிருந்தது. கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிக்க ஒரு முட்டுக்கழி அவசியம். காறை எலும்பே இல்லாமலோ அரைகுறையாகவோ பிறக்கும் மனிதர்களும் அபூர்வமாக உண்டு. அவர்களால் இரண்டு தோள்களையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து ஒன்றோடொன்று தொட முடியும். முட்டு இல்லாத பந்தல் உள்ளே சரிவதைப்போல.

இந்த முட்டுக்கழி ஏன் சைக்கிளோட்டிகளிடம் இவ்வளவு மாட்டிக்கொள்கிறது? கையை ஊன்றி விழுந்தால்தான் இது முறியும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1988-இல் இங்கிலாந்தில் வந்த ஓர் ஆய்வு, விழுந்த விதத்தை நோயாளிகளிடமே விசாரித்துப் பார்த்தது. நூற்றுக்கு 87 பேர் நேராகத் தோளின்மேல் விழுந்தவர்கள். கையை ஊன்றியவர்கள் ஆறு பேர்தான். சைக்கிளில் இது இன்னும் சுலபமாக நடக்கிறது. விழும் கணத்திலும் விரல்கள் ஹேண்டில்பாரை விடுவதில்லை. கை ஊன்ற வரவே வராது. தோள்தான் முதலில் தரையைச் சந்திக்கும்.

வேகமாகப் போனால்தான் எலும்பு முறியும் என்பதும் அவ்வளவு சரியல்ல. தோள் சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வந்தால், தரையைத் தொடும்போது அதன் கீழ்நோக்கிய வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். முன்னோக்கி நாற்பதில் போனாலும் நின்றுகொண்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. முன்னோக்கிய வேகம் பெரும்பாலும் தோலை உரிக்கும். எலும்பை உடைப்பது பெரும்பாலும் உயரம். பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூவைப் புதிதாக மாட்டிக்கொண்டு, சிக்னலில் காலை விடுவிக்க மறந்து, நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து காறை எலும்பை முறித்துக்கொண்டவர்கள் எல்லா ஊர் சைக்கிள் குழுவிலும் இருப்பார்கள். கதையை மட்டும் கொஞ்சம் வேகம் கூட்டிச் சொல்வார்கள்.

பத்தில் எட்டு முறிவுகள் எலும்பின் நடுப்பகுதியில்தான் நடக்கின்றன. இந்த எலும்பு நேரானதல்ல. படுத்துக்கிடக்கும் 'எஸ்' எழுத்துப்போல இரண்டு வளைவுகள். வளைவு திசை மாறும் இடத்தில்தான் எலும்பு மிக ஒடுங்கியிருக்கிறது. அங்கே தசையோ தசைநாரோ போர்த்திக் காப்பதும் குறைவு. தோளிலிருந்து வரும் அழுத்தம் நெஞ்சை நோக்கிப் போகிற வழியில் அங்கே வந்து நொடிந்துவிடுகிறது.

முறிந்த மறுகணம் இழுபறி ஆரம்பம். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்தில் சாய்வாக இறங்கும் தசை, நெஞ்சுப் பக்கத் துண்டை மேலே இழுக்கிறது. கையின் எடை வெளித்துண்டைக் கீழே தொங்கவிடுகிறது. மார்புத் தசை அதையே உள்ளே இழுக்கிறது. துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தோள் ஒரு பக்கம் குறுகிவிடும். விழுந்து எழுந்தவர் மறுகையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, தலையை அடிபட்ட பக்கம் சாய்த்து நிற்பார். யாரும் கற்றுத்தராமலே கையின் எடையையும் கழுத்துத் தசையின் இழுப்பையும் ஒருசேரக் குறைத்துக்கொள்கிறார்.

எலும்புக்கு நேர் கீழே கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களும் நரம்புக் கொத்தும் நுரையீரலின் மேல் நுனியும் இருக்கின்றன. பெரும்பாலும் அவை தப்பிவிடும். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ராபர்ட் பீல் 1850-இல் குதிரையிலிருந்து விழுந்தபோது தப்பவில்லை. காறை எலும்பு முறிந்து உள்ளே ரத்தக் குழாயும் கிழிந்து மூன்றாம் நாள் இறந்தார். விரல்கள் மரத்துப்போவது, கை சில்லிட்டு வெளுப்பது, மூச்சு வாங்குவது, எலும்பு முனை தோலைக் கூடாரம்போல் தூக்கி வெளுக்கச் செய்வது, இவற்றில் எது இருந்தாலும் அது காத்திருக்கும் முறிவு அல்ல; உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய முறிவு.

மற்றபடி, கையோ காலோ முறிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறார்களே, இதற்கு ஏன் போடுவதில்லை? போட இடமில்லை. ஒரு முறிவை அசையாமல் நிறுத்த அதன் இரு பக்க மூட்டுகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இங்கே ஒரு பக்கம் நெஞ்சு, மூச்சு விடும்போதெல்லாம் அசையும். மறுபக்கம் தோள், உடம்பிலேயே அதிகம் அசையும் பகுதி. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியப் பாப்பிரஸ் ஏடு ஒன்றில், இப்போது எட்வின் ஸ்மித் பெயரால் வழங்குவது, இந்த முறிவுக்கு வைத்தியம் எழுதியிருக்கிறது. மல்லாக்கப் படுக்கவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே துணிச்சுருளை வைத்து, இரு தோள்களையும் பின்னால் விரித்து எலும்பை நேராக்கு என்கிறது. நம் காலத்தில் 'எட்டு' வடிவில் முதுகில் பின்னிக் கட்டும் பட்டையும் அதே யோசனைதான். 1987-இல் டென்மார்க்கில் அந்த எட்டுக் கட்டையும், கையைத் தொட்டில்போல் தாங்கும் சாதாரண ஸ்லிங்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எலும்பு கூடியதில் வித்தியாசமில்லை. எட்டுக் கட்டுப் போட்டவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். ஆக, இன்றைக்கும் பெரும்பாலோருக்கு வைத்தியம் கழுத்தில் மாட்டும் ஒரு துணித் தொட்டில். கூடவே வலிமாத்திரை, காத்திருப்பு.

காத்திருக்கும்போது உள்ளே நடப்பதைப் பார்ப்போம். முறிந்த இடத்தில் ரத்தம் கட்டுகிறது. சில நாட்களில் அந்தக் கட்டிக்குள் புதிய ரத்த நுண்குழாய்களும் செல்களும் நுழைந்து அதைப் பிசின் போன்ற திசுவாக மாற்றுகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் அது குருத்தெலும்பாகிறது. பிறகு அதில் சுண்ணாம்பு ஏறிக் கரடுமுரடான எலும்பாகிறது. கட்டட வேலையில் முதலில் சாரம், பிறகு செங்கல் என்பதுபோல இதற்கு ஒரு வரிசை இருப்பது ஏன் என்பதற்கு ஸ்டீபன் பெர்ரன் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் ஓர் அழகான விளக்கம் தந்தார்.

முறிந்த துண்டுகள் அசையும்போது இடையிலுள்ள திசு இழுபடுகிறது. தன் நீளத்தைப்போல் இருமடங்கு நீட்டினாலும் பிசின் திசு தாங்கும். குருத்தெலும்பு பத்து சதவீதம்வரை தாங்கும். எலும்பு இரண்டு சதவீதத்துக்கு மேல் தாங்காது. ஆகவே முதல் வாரத்திலேயே அங்கே எலும்பு உருவாக முயன்றால் அடுத்த தும்மலில் உடைந்துவிடும். அதனால் முதலில் நெகிழும் பிசின். பிசின் அசைவைக் கொஞ்சம் குறைக்கிறது. அந்தக் குறைந்த அசைவில் குருத்தெலும்பு பிழைக்கிறது. குருத்தெலும்பு இன்னும் குறைக்கிறது. அதன் பிறகே எலும்பு. ஒவ்வொரு திசுவும் அடுத்ததற்கு இடம் செய்து கொடுத்துவிட்டு மறைகிறது. சுற்றிலும் தடிமனாகப் புடைத்துக்கொண்டு வளர்வதற்கும் காரணமுண்டு. தடித்த குழாயை வளைப்பது கடினம். பலவீனமான பொருளை வைத்தே உறுதியைக் கூட்ட இது வழி. தோலுக்கு அடியில் கோலிக்குண்டுபோல ஒரு முண்டு தட்டுப்படும். வருடக்கணக்கில் அது தேய்ந்து சிறுத்தாலும் பலருக்கு முழுசாகப் போவதில்லை.

இதில் ஒரு சிக்கல். வலி பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் அடங்கிவிடும், அதாவது துண்டுகள் ஒன்றோடொன்று உரசாத அளவுக்குப் பிசின் இறுகியதும். எலும்பு உறுதியாவது அதற்குப் பல வாரங்கள் கழித்து. வலி நின்ற நாளுக்கும் எலும்பு கூடிய நாளுக்கும் இடையில் இருக்கும் இந்த வாரங்கள்தான் சைக்கிளோட்டிக்கு ஆபத்தானவை. கை வலிக்கவில்லை, கால் துடிக்கிறது, வாசலில் சைக்கிள் நிற்கிறது.

அறுவைசிகிச்சை வேண்டுமா என்பதில் மருத்துவ உலகம் ஒரு முழு வட்டம் அடித்திருக்கிறது. 1960-இல் அமெரிக்க அறுவைசிகிச்சை நிபுணர் சார்லஸ் நீர் 2,235 முறிவுகளை ஆராய்ந்து, மூன்றே மூன்றுதான் கூடாமல் போயின என்று எழுதினார். கத்தி வைக்காதே, தானே கூடும் என்பது அடுத்த நாற்பது வருடத்துக்கு வேதவாக்கானது. அந்தக் கணக்கில் குழந்தைகளும் இருந்தார்கள். விலகாத விரிசல்களும் இருந்தன. பெரியவர்களில், நன்றாக விலகிப்போன நடுப்பகுதி முறிவுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது படம் மாறியது. 2007-இல் கனடா மருத்துவர்கள் 132 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். கடைசிவரை தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களில் உலோகப் பிளேட் வைத்த 62 பேரில் இருவருக்குக் கூடவில்லை. ஸ்லிங் மட்டும் போட்ட 49 பேரில் ஏழு பேருக்கு. 2013-இல் எடின்பரோவைச் சேர்ந்தவர்கள் 200 பேரிடம் செய்த ஆய்விலும் அதே சாயல்: பிளேட் பக்கம் ஒருவர், ஸ்லிங் பக்கம் 16 பேர். ஆனால் கூடாமல்போனவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு வருடம் கழித்துத் தோள் வேலை செய்யும் விதத்தில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது ஒருவருக்குக் கூடாமல் போவதைத் தடுக்க ஆறேழு பேருக்குக் கத்தி வைக்க வேண்டும். அதில் சிலருக்குத் தழும்புக்குக் கீழே தோல் மரத்துப்போகும், சிலருக்குப் பை வார் பட்டாலே பிளேட் உறுத்தும், சிலர் அதை எடுக்க மறுபடி மேசையில் படுக்க வேண்டியிருக்கும். துண்டுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன, எலும்பு எவ்வளவு குறுகியிருக்கிறது, எத்தனை துண்டு, ஆள் என்ன வேலை செய்பவர் என்று பார்த்து ஒவ்வொருவருக்கும் தனியாக முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. புகைபிடிப்பவர்களுக்குக் கூடாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பதில் மட்டும் சண்டை அதிகமில்லை.

கனடா ஆய்வில் அதிகம் பேசப்படாத ஓர் எண் இருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு கூடியதாகத் தெரிய ஸ்லிங் போட்டவர்களுக்குச் சராசரியாக 28 வாரம் ஆனது. பிளேட் வைத்தவர்களுக்கு 16 வாரம்.

பதினாறு வாரம். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பந்தயக்காரர்களின் நாட்காட்டியைப் பாருங்கள். பிராட்லி விக்கின்ஸ் 2011 டூர் டி பிரான்ஸில் ஜூலை 8-ஆம் தேதி விழுந்து காறை எலும்பை முறித்தார். ஆகஸ்ட் 20-இல் ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் நின்றார். இடையில் 43 நாள், ஆறு வாரம். முதல் மூவரில் ஒருவராக முடித்தார். அடுத்த வருடம் டூரையே வென்றார். ரெம்கோ எவெனபூல், யோனஸ் விங்ககார்ட் இருவரும் 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் ஒரே இறக்கத்தில் விழுந்து இருவருமே காறை எலும்பை முறித்தார்கள். விங்ககார்டுக்கு விலா எலும்புகளும் முறிந்து நுரையீரலும் பாதிக்கப்பட்டு 12 நாள் மருத்துவமனை. ஜூன் 29-இல் தொடங்கிய டூரில் அவர் இரண்டாமிடம், எவெனபூல் மூன்றாமிடம். ஆகஸ்ட் 3-க்குள் எவெனபூலின் கழுத்தில் இரண்டு ஒலிம்பிக் தங்கம்.

இவர்களுக்கு மட்டும் எலும்பு வேகமாகக் கூடுகிறதா? இல்லை. அவர்களுடைய பிசினும் குருத்தெலும்பும் நம்முடையதைப்போல அதே வரிசையில்தான் போகின்றன. ஆறாம் வாரத்தில் விக்கின்ஸ் போன்ற ஒருவரின் தோளுக்குள் பாரத்தைச் சுமந்துகொண்டிருப்பது பெரும்பாலும் எலும்பல்ல. ஸ்குரூக்களால் இறுக்கிய உலோகம். அறுவைசிகிச்சை எலும்புக்கு அவகாசம் வாங்கித் தருகிறது. அதுவும் எல்லையில்லாத அவகாசம் அல்ல. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் இற்றுப்போகிறதல்லவா, பிளேட்டும் அப்படித்தான். எலும்பு முந்துகிறதா, உலோகம் முந்தி இற்றுவிடுகிறதா என்று உள்ளே ஒரு பந்தயம். பந்தயக்காரருக்கு அந்த அபாயத்தை ஏற்கச் சம்பளம் இருக்கிறது. தினமும் தோளைப் பார்க்க மருத்துவரும் தசை பிடித்துவிட ஆளும் இருக்கிறார்கள். ஈசிஆர் சாலையில் விடிகாலையில் முட்டுக்காடு வரை போய்விட்டு ஒன்பது மணிக்கு ஆபீஸ் போகிறவர், விக்கின்ஸின் 43 நாளைத் தன் கணக்காக எடுத்துக்கொள்வது தப்புக் கணக்கு.

(2003 டூரில் தொடக்கத்திலேயே காறை எலும்பு முறிந்து, பிளேட்டும் இல்லாமல் நான்காவதாக முடித்த டைலர் ஹாமில்டனை யாராவது சொல்வார்கள். அவர் பின்னால் ஊக்கமருந்து உபயோகத்தை ஒப்புக்கொண்டவர். அந்தக் கதையை எலும்பின் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

சாதாரண ஆளுக்கு வழி என்ன? மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் எக்ஸ்ரேயைப் பார்த்துத் தேதி சொல்வார்கள். இங்கே அதன் தர்க்கத்தை மட்டும் பார்க்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் ஸ்லிங். அப்போதும் விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் தினமும் அசைக்க வேண்டும். வலி அனுமதித்ததும் இடுப்பை வளைத்துக் குனிந்து, கையைக் கிணற்றுக் கயிறுபோலத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டி அதைச் சிறு வட்டமாகச் சுழலவிடுவார்கள். கையைத் தூக்கும் தசைகளுக்கு வேலையே இல்லாமல் மூட்டு மட்டும் அசையும். பயந்துகொண்டு இதைச் செய்யாமல் விட்டால் எலும்பு கூடிய பின்னும் தோள் இறுகிப்போய்க் கிடக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகும் அபாயம் பொதுவாகவே அதிகம் என்பதால் அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தூக்கம்தான் பெரிய தொந்தரவு. மல்லாக்கப் படுத்து எழ வயிற்றுத் தசையோடு கழுத்துத் தசையும் இழுக்கும். அது முறிந்த துண்டைப் பிடித்து ஆட்டும். சாய்வு நாற்காலியிலேயே சில வாரம் தூங்குபவர்கள் அதனால்தான்.

கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பாதி உண்மை. பயிற்சியை நிறுத்திய முதல் மூன்று வாரத்துக்குள் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் சுமார் ஏழு சதவீதம் குறைகிறது என்று 1980-களின் ஆய்வு ஒன்று காட்டியது. தசை சுருங்குவதற்கு முன்பே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் குறைந்துவிடுவதுதான் காரணம். இதற்குத்தான் வீட்டு டிரெய்னர். பின் சக்கரத்தைத் தாங்கியில் பூட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல கையை மட்டும் வைத்துக்கொண்டு மிதிக்கலாம். மருத்துவர் அனுமதித்தால் சிலர் இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். அறுவைசிகிச்சைத் தழும்பு ஆறும்வரை வியர்வை ஊறக்கூடாது. ஃபேனை முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வது நம் ஊர் வெயிலில் வைத்தியத்தில் சேர்த்தி. எழுந்து நின்று மிதிப்பது கூடாது. மாஞ்ஞியின் இழுவிசை அப்போதுதான் திரும்பி வரும்.

சாலைக்குத் திரும்புவது வேறு விஷயம். சீரான சாலையில் மெதுவாக மிதிக்கும்போது காறை எலும்பின்மேல் பெரிய பாரம் இல்லை என்பதே உண்மை. பிரேக் பிடிக்கும்போது உடம்பின் எடை முன்னால் சரிந்து கைகளில் இறங்கும். பள்ளத்தில் சக்கரம் விழும்போது அதே பாரம் அடியாக வரும். பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்க்கும்போது கழுத்துத் தசை தன் பழைய துண்டை இழுக்கும். இவையெல்லாம் படிப்படியாகப் பழக்கக் கூடியவை. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம், ஹேண்டில்பாரை உயர்த்தலாம். பழக்கவே முடியாதது இன்னொரு முறை விழுவது. அரைகுறையாகக் கூடிய எலும்பு இரண்டாம் முறை அடிபட்டால் பிளேட்டே வளைந்துபோகலாம். பிளேட்டின் ஓரத்தில் புதிதாக முறியலாம். எட்டாம் வாரமா பன்னிரண்டாம் வாரமா என்று மருத்துவர் தயங்கும்போது அவர் மிதிப்பதைப் பற்றி யோசிக்கவில்லை. விழுவதைப் பற்றி யோசிக்கிறார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'என்னால் மிதிக்க முடியுமா' என்பதைவிட, 'ஒரு நாய் குறுக்கே வந்தால் இரண்டு பிரேக்கையும் முழுபலத்தோடு பிடித்து, ஒரு கையால் ஹேண்டில்பாரை வெட்டித் திருப்ப முடியுமா' என்பது.

மாஞ்ஞியிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. டியூபைக் கவ்விக்கொண்டு சான் லூகாவின் மேடேறிவிட்டார். அடுத்து மோதெனாவிலிருந்து ராப்பல்லோ போகும் நாளில் ஓர் இறக்கம். பல்லில் கவ்விய பட்டையால் ஹேண்டில்பாரை இழுக்க முடியும். பிரேக்கைப் பிடிக்க முடியாது. இடது கையில் அதற்குப் பலமில்லை. சாலையோரப் பள்ளத்தில் இறங்கி, ஏற்கெனவே முறிந்த பக்கமே விழுந்தார். இந்த முறை மேற்கை எலும்பு. வலியில் மயங்கிப்போனார். ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வழியில் நினைவு வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, மறுபடி சைக்கிளில் ஏறினார். சில நாள் கழித்து மோன்டே போன்டோனே மலையில் ஜூன் மாதத்தில் பனிப்புயல் அடித்தது. பலர் வழியிலேயே விலகினார்கள். லக்ஸம்பர்க்கின் ஷார்லி கோல் அந்தப் பனியில் எல்லோரையும் முந்திப் பந்தயத்தையே தன்வசமாக்கினார். மாஞ்ஞி அந்த ஜிரோவை இரண்டாமவராக முடித்தார், மூன்று நிமிடம் 27 விநாடி பின்னால்.